ஜப்பானிய கேம்கள்: சறுக்கியது எங்கே, எழுந்தது எப்படி

கேள்வி: கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கேம் உருவாக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையில் அன்ரியல் எஞ்சின் பழகிவருகிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் வைத்திருந்த பிளேஸ்டேஷன் 2-இல் விளையாடி வளர்ந்தவன் என்பதால் ஜப்பானிய கேம்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. விடுதி நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. "ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி ஒன்றை ஜப்பானில் யாரால் செய்ய முடியும்? நின்டெண்டோவின் கன்சோல் மற்றவர்களுடையதைவிட மெதுவானது. மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் கம்ப்யூட்டரில் திணறுகிறது. ஃபைனல் ஃபேன்டஸி எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அவர்கள் காலம் முடிந்துவிட்டது" என்கிறார்கள். ஜப்பானிய நிறுவனங்கள் மேற்கத்திய ஸ்டூடியோக்களைவிட உண்மையிலேயே பின்தங்கிவிட்டனவா? என்னைப் போன்றவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள இன்னும் ஏதாவது இருக்கிறதா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: இதே வாதத்தை 2010-இல் வைத்திருந்தால் நானும் உங்கள் நண்பர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். அன்று ஜப்பானியர்களே அதைத்தான் சொன்னார்கள். கேப்காம் நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவை வழிநடத்திய கெய்ஜி இனாஃபுனே, 2009 டோக்கியோ கேம் ஷோ நேரத்தில், ஜப்பானிய கேம் துறையின் கதை முடிந்துவிட்டது என்று வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டு ஓர் அமெரிக்க நாளிதழிடம், குறைந்தது ஐந்தாண்டு பின்தங்கியிருக்கிறோம் என்றார். வெளியாள் யாராவது சொல்லியிருந்தால் பொறாமை என்று தள்ளியிருக்கலாம். மெகா மேன் காலத்திலிருந்து டெட் ரைசிங் வரை கேம் கொடுத்த மனிதரே சொன்னார்.

ஆக, பின்தங்கினார்களா என்றால் பின்தங்கினார்கள். ஏறத்தாழ 2005 முதல் 2013 வரை. அந்த வருடங்களில் அவர்களுக்குக் கற்பனை வறண்டுபோகவில்லை. பெரிய கேம் ஒன்றைத் தொடங்கி, பல நூறு பேரை வைத்து, குறித்த காலத்தில் செய்து முடிக்கும் வேலைமுறைதான் அவர்களிடம் இல்லாமல் போயிற்று. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் விளங்கும்.

பிளேஸ்டேஷன் 2 காலத்து ஜப்பானிய நிரலாளர்களின் திறமை அந்தக் கருவியின் சிப்பை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துவைத்திருந்ததில் இருந்தது. ஒரு கேமுக்கு ஒரு குழு, அந்தக் கேமுக்கென்றே எழுதிய நிரல். கேம் கடைக்குப் போனதும் அந்த நிரலை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் புதிதாக எழுதத் தொடங்குவார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புது அடுப்பு கட்டிச் சமைக்கிற மாதிரி. ஐம்பது பேர் பந்திக்கு அந்தச் சமையல் அமிர்தமாக இருக்கும். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-உம் 2006-இல் பிளேஸ்டேஷன் 3-உம் வந்தபோது பந்தி பத்து மடங்காகிவிட்டது. படத்தின் துல்லியம் கூடியதால் ஒரு கதவு, ஒரு சட்டை, ஒரு முகம் என்று எதைச் செய்தாலும் பழைய வேலையைப் போலப் பல மடங்கு வேலை. அதோடு பிளேஸ்டேஷன் 3-இன் செல் சிப் நிரல் எழுதுவதற்கு மகா சிக்கலானது.

மேற்கில் இந்தப் பிரச்சினைக்கு ஏற்கெனவே விடை இருந்தது. அவர்கள் கம்ப்யூட்டர் கேம்களில் ஊறியவர்கள். ஒருவர் செய்த எஞ்சினை இன்னொருவர் உரிமம் வாங்கிப் பயன்படுத்துவது அங்கே 1990-களிலேயே வழக்கம். வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 1998-இல் வந்தபோது அதன் அடித்தளம் இட் சாஃப்ட்வேரின் குவேக் எஞ்சின். 2001-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரு கம்ப்யூட்டர்தான். அதன் வழியாகக் கம்ப்யூட்டர் கேம் உலகத்து ஆட்களும் பழக்கங்களும் கன்சோலுக்குள் நுழைந்தன. 2006-இல் கியர்ஸ் ஆஃப் வார் வந்தபோது, அதைச் செய்த எபிக் நிறுவனம் அன்ரியல் எஞ்சின் 3-ஐயும் எல்லோருக்கும் விற்றுக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அதே எஞ்சினில் பயோவேர் மாஸ் எஃபெக்ட் செய்தது. ஜப்பானில் அதை எடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸியைத் தோற்றுவித்த ஹிரோனோபு சகாகுச்சியின் லாஸ்ட் ஒடிஸி 2007-இல் அன்ரியலில்தான் உருவாயிற்று. ஆனால் கையேடு, விளக்கம், உதவி எல்லாம் ஆங்கிலத்தில். ஜப்பானியக் குழுக்களுக்கு அது பெரிய தடையாக இருந்தது.

அந்தக் காலத்தின் முழு வேதனையையும் ஒரே நிறுவனத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கொயர் எனிக்ஸைப் பாருங்கள். 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸ் இ3 கண்காட்சியில் ஃபைனல் ஃபேன்டஸி 13-ஐ அறிவித்தார்கள். கூடவே கிறிஸ்டல் டூல்ஸ் என்று ஒரு பொது எஞ்சினையும் கட்டத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் எல்லாப் பெரிய கேம்களுக்கும் அது பயன்பட வேண்டும் என்பது திட்டம். எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு தேவையைச் சொல்ல, எதுவும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போனது. எஞ்சின் நிலைகொள்ளாததால் கேமும் நிலைகொள்ளவில்லை. இயக்குநர் மோட்டோமு டொரியாமாவும் சகப் பணியாளர் ஒருவரும் பின்னர் ஓர் அமெரிக்கத் தொழில் இதழில் இதை ஒளிக்காமல் எழுதினார்கள்: வேலை வெகுதூரம் போன பிறகும் எப்படிப்பட்ட கேமைச் செய்கிறோம் என்பதில் குழுவுக்குள் ஒத்த கருத்து இல்லை, விளம்பரத்துக்காக ஒரு மாதிரித் துண்டு செய்தாக வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் எல்லோர் கண்ணுக்கும் கேம் தெரிந்தது. 2009 டிசம்பரில் அது வெளிவந்தபோது, ஊர் ஊராகத் திரிந்து பழகிய ரசிகர்களுக்கு நீண்ட வழித்தடம் ஒன்று கிடைத்தது. 13-உடன் அதே நாளில் அறிவித்த வெர்சஸ் 13, பெயர் மாறி ஃபைனல் ஃபேன்டஸி 15 ஆகி, 2016 நவம்பரில்தான் கடைக்கு வந்தது. பத்தாண்டு.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இன்னும் மோசம். 2010 செப்டம்பரில் வெளிவந்த அந்த இணைய கேம் விளையாடவே முடியாத அளவுக்குத் தள்ளாடியது. அந்த டிசம்பரில் பொறுப்பேற்ற நவோகி யோஷிதா, அதன் தோல்விக் காரணங்களை 2014-இல் அமெரிக்காவின் கேம் உருவாக்குநர் மாநாட்டு மேடையில் விளக்கினார். அவர் காட்டிய ஓர் உதாரணம் எனக்கு மறக்காது. ஓரத்தில் கிடக்கும் ஒரு பூந்தொட்டிக்கும் விளையாடுபவரின் பாத்திரத்துக்கும் ஒரே அளவு பலகோணங்களைச் செலவிட்டிருந்தார்கள். பிளேஸ்டேஷன் 2-இல் பேர் வாங்கிக் கொடுத்த அந்த நுணுக்கமே இணையத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் கூடும் கேமின் கழுத்தை நெரித்தது. யோஷிதா ஒட்டுப்போட்டுச் சமாளிக்கவில்லை. பழைய கேமை நடத்திக்கொண்டே புதிய கேமைக் கட்டினார். பழைய உலகத்தின் மீது ஒரு சந்திரனை விழவைத்து, கதைக்குள்ளேயே அதை அழித்தார். 2013 ஆகஸ்ட்டில் மறுபடி வந்த 14, இன்று வரை அந்த நிறுவனத்தைத் தாங்கி நிற்கும் தூண்களில் ஒன்று. ஒரு நிறுவனம் தன் தோல்வியை இவ்வளவு நேர்மையாக அறுத்துப் பார்த்து மீண்ட கதை கேம் துறையில் வேறெங்கும் எனக்குத் தெரியாது.

சறுக்கலுக்கு இன்னொரு காரணம் உள்நாட்டுச் சந்தை. ஜப்பானில் மக்கள் டிவி முன்னால் உட்காருவதைக் குறைத்துக்கொண்டு, ரயிலில் போகும்போது கையடக்கக் கருவியில் விளையாடினார்கள். 2010 டிசம்பரில் பி.எஸ்.பி.க்கு வந்த மான்ஸ்டர் ஹன்டர் போர்ட்டபிள் மூன்றாம் பாகம் அங்கே ஏறக்குறைய 50 லட்சம் விற்றது. பிறகு கைபேசி வந்தது: 2012-இல் பஸில் அண்ட் டிராகன்ஸ், 2013-இல் மான்ஸ்டர் ஸ்ட்ரைக். காசு அங்கே இருந்ததால் திறமையும் அங்கே போயிற்று. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஜப்பான் தூங்குவதுபோல் தெரிந்தது.

இனி மீட்சியைப் பற்றி. இங்கேதான் உங்கள் நண்பர்களோடு நான் முழுக்க மாறுபடுகிறேன். ஜப்பானிய நிறுவனங்கள் முதலில் எடுத்த மருந்து மேற்கைப் போலவே ஆகிவிடுவது. கேப்காம் தன் தொடர்களை வெளிநாட்டு ஸ்டூடியோக்களிடம் கொடுத்தது. பயோனிக் கமாண்டோ ஸ்வீடனுக்குப் போனது, டெட் ரைசிங் 2 வான்கூவருக்கு, டெவில் மே க்ரை பிரிட்டனின் நிஞ்சா தியரிக்கு, லாஸ்ட் பிளானட் 3 அமெரிக்காவுக்கு. வீட்டில் செய்த ரெசிடென்ட் ஈவில் 6-இல் 600-க்கும் மேற்பட்டோர் உழைத்தார்கள். பயம் காட்ட வேண்டிய கேம், கால் ஆஃப் டியூட்டி ரசிகர்களையும் பிடிக்கலாம் என்று வெடியும் துரத்தலுமாகப் பெருத்து, 2012-இல் வந்து, நிறுவனம் குறித்த விற்பனை இலக்கைத் தொடாமல் நின்றது. 2013-இல் கேப்காமே, வெளியில் அளவுக்கு மீறி வேலை கொடுத்ததால் தரம் போயிற்று என்று ஒத்துக்கொண்டு வேலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் சரியான வைத்தியம். ஆர்.இ. எஞ்சின் என்ற புதிய கருவியை வீட்டுக்குள்ளேயே கட்டினார்கள். செய்ததை உடனே ஓட்டிப் பார்த்து, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கும் வேகம்தான் அதன் முதல் நோக்கம். முதல் கேம் 2017 ஜனவரியில் வந்த ரெசிடென்ட் ஈவில் 7. உலகம் சுற்றும் கதை போய், லூசியானாவில் ஒரு பாழடைந்த வீடு, ஒரு குடும்பம், அவர்கள் சாப்பாட்டு மேசை. சின்ன இடத்தை எடுத்துக்கொண்டு அதில் ஒவ்வொரு கதவையும் பயமாக்கினார்கள். அதே எஞ்சினில்தான் 2019-இல் ரெசிடென்ட் ஈவில் 2 மறுஆக்கமும் டெவில் மே க்ரை 5-உம் இரண்டே மாத இடைவெளியில் வந்தன. வெளியே கொடுத்த டெவில் மே க்ரை ஒசாகாவுக்கே திரும்பி வந்து, தன் பழைய முறுக்கோடு நின்றது. மான்ஸ்டர் ஹன்டரும் 2018-இல் வேர்ல்ட் வழியாகக் கையடக்கக் கருவியிலிருந்து பெரிய திரைக்கு வந்து 2 கோடிக்கும் மேல் விற்றது. நண்பர்கள் நால்வர் சேர்ந்து வேட்டைக்குப் போவது போன்ற, அதன் ஆதாரமான எதையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. உலகம் முழுக்க ஒரே நாளில் வெளியிடுவது, புதியவருக்குப் புரியும்படி கற்றுக்கொடுப்பது போன்ற தடைகளை மட்டும் அகற்றினார்கள்.

ஃப்ரம் சாஃப்ட்வேரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அதன் தொடக்கத்தை யாரும் போதுமான அளவு நினைப்பதில்லை. வேறு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 2004-இல் முப்பதை நெருங்கும் வயதில் அங்கே சேர்ந்தவர் ஹிடெடாகா மியாசாகி. நிறுவனத்துக்குள் தேறாது என்று எல்லோரும் கைவிட்டிருந்த ஒரு திட்டத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். எப்படியும் தோற்கப்போகிற திட்டம் என்பதால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அதுதான் டெமன்ஸ் சோல்ஸ். இனாஃபுனே துறை முடிந்துவிட்டதாகச் சொன்ன அதே 2009-இல், பிப்ரவரியில், வந்தது. சோனியின் உலக ஸ்டூடியோக்களின் தலைவராக இருந்த ஷுஹே யோஷிதா அதை இரண்டு மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு மோசமான கேம் என்று முடிவுகட்டியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். சோனி அதை அமெரிக்காவில் வெளியிடவில்லை. அட்லஸ் என்ற சிறிய நிறுவனம் எடுத்து வெளியிட்டது. அந்த ஆண்டின் சிறந்த கேம் என்று கேம்ஸ்பாட் தளம் அதைத்தான் தேர்ந்தெடுத்தது. ஐந்தாண்டு பின்தங்கியதாகச் சொல்லப்பட்ட நாடு அடுத்த பதினைந்தாண்டுக்கான பாதையை அந்த நேரத்தில்தான் போட்டுக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 25-இல் எல்டன் ரிங் வந்தது. இரண்டரை ஆண்டுக்குள் இரண்டரைக் கோடி பிரதிகள் விற்றது. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, சோனியின் நெதர்லாந்து ஸ்டூடியோ செய்த ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் வந்திருந்தது. கிராபிக்ஸில் அது எல்டன் ரிங்கைவிடப் பல படி மேல். ஆனால் அந்த ஆண்டு உலகம் பேசியது எதைப் பற்றி என்று உங்கள் நண்பர்களுக்கே தெரியும்.

நின்டெண்டோ கன்சோல் மெதுவானது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வேகத்தில் மெதுவானதுதான். 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்ச் அப்போதே மற்றவற்றைவிடப் பலவீனமானது. ஆனாலும் 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அதனோடு வந்த ஜெல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட் கேமைப் பொறியியல் மாணவராக நீங்கள் பார்க்க வேண்டும். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷியும் குழுவினரும் அதை எப்படிச் செய்தார்கள் என்று காட்டினார்கள். முதலில் 1986-ஆம் ஆண்டின் முதல் ஜெல்டா போலவே தட்டையான இருபரிமாண மாதிரி ஒன்றைச் செய்தார்கள். அதில் தீ வழியாக அம்பை விட்டால் அம்பு பற்றும், அம்பு பட்ட மரம் எரியும். அதில் விளையாட்டு சுவைக்கிறது என்று உறுதியான பிறகே முப்பரிமாணத்துக்குப் போனார்கள். இயற்பியலுக்கு எஞ்சின் இருப்பதுபோல வேதியியலுக்கும் ஒன்று எழுதினார்கள். தீ, நீர், மின்சாரம் போன்றவை பொருள்களின் நிலையை மாற்றும். அவை ஒன்றையொன்றும் மாற்றும். பொருளும் பொருளும் இந்த வகையில் ஒன்றையொன்று மாற்றாது. மொத்தமே மூன்று விதிகள். இடியும் மின்னலுமாக இருக்கும்போது இரும்பு வாளோடு நின்றால் உங்கள் மேல் மின்னல் விழும். அதையே எதிரியின் காலடியில் வீசிவிட்டு ஓடினால் எதிரி மேல் விழும். புல்லைக் கொளுத்தினால் எழும் வெப்பக் காற்றில் மேலே பறக்கலாம். இதில் எதையும் ஒரு காட்சியாக யாரும் எழுதிவைக்கவில்லை. விதிகள் கூடி உண்டாக்கியவை. நிலப்பரப்பின் அளவைக்கூடத் தாங்கள் வாழும் கியோட்டோவின் வரைபடத்தை மேலே வைத்துப் பார்த்து முடிவு செய்தார்கள், எவ்வளவு தூரம் நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும் என்பதால்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி ஒன்றை ஜப்பானில் செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. அவ்வளவு பெரிய பணத்தை அவ்வளவு வருடம் ஒரே கேமில் போடுகிற நிறுவனம் அங்கே இல்லை. உலகிலேயே அப்படிச் செய்யக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அவர்களுக்கே மூச்சுத் திணறுகிறது. 2023 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வழக்கு ஒன்றில் சோனி தாக்கல் செய்த ஆவணத்தில் கறுப்பு மையால் அடித்த எண்கள் ஸ்கேனில் தெரிந்துவிட்டன. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர். இந்தத் தொகையில் பெரும்பங்கு சம்பளம். ஒரு கேம் தோற்றால் சம்பளம் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷனை வாங்கி முடித்தது 2023 அக்டோபரில்; 2024 ஜனவரியில் கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. அந்த மே மாதம், ஹை-ஃபை ரஷ் என்ற பாராட்டுப் பெற்ற கேமைச் செய்த டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸையும் மூடுவதாக அறிவித்தது. பிறகு ஒரு கொரிய நிறுவனம் அதை வாங்கிக் காப்பாற்றியது.

2024 செப்டம்பர் 6-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று சோனி இரண்டு காரியம் செய்தது. வாஷிங்டன் மாநிலத்தில் பல வருடம் உழைத்து உருவாக்கி, வெளியாகி இரண்டு வாரமே ஆன கான்கார்ட் என்ற இணைய ஷூட்டரை நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே நாளில் டோக்கியோவின் டீம் அசோபி, 65 பேர் அளவிலான குழுவாக மூன்றாண்டில் செய்த ஆஸ்ட்ரோ பாட்டை வெளியிட்டது. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருது ஆஸ்ட்ரோ பாட்டுக்குப் போனது. கான்கார்டைச் செய்த ஸ்டூடியோ அக்டோபர் முடிவதற்குள் மூடப்பட்டது. அங்கே இருந்தவர்களும் திறமைசாலிகள்தான். ஒரே கேமின் மீது அத்தனை குடும்பங்களின் பிழைப்பையும் ஏற்றிவைத்த முறையைத்தான் நான் குறை சொல்வேன்.

ஜப்பானில் ஆட்குறைப்பு அவ்வளவு எளிதல்ல. 2007-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, நியாயமான காரணமில்லாத பணிநீக்கம் செல்லாது என்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு அந்தப் பாதுகாப்பு முழுதாகக் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பணிப் பாதுகாப்பின் பலன் கேமில் தெரிகிறது. வீ யு கன்சோல் தோற்றபோது நின்டெண்டோ தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாக்கிக்கொண்டார். ஆள் குறைத்தால் மிஞ்சியவர்கள் பயந்துகொண்டே செய்யும் கேம் யாரையும் மகிழ்விக்காது என்பது அவர் நிலை. வீ யு-வில் தோற்றவர்கள்தான் ப்ரெத் ஆஃப் தி வைல்டைச் செய்தார்கள்.

ஆட்கள் நிலைத்திருப்பதால் செய்ததை மறுபடி எடுத்தாளவும் முடிகிறது. சேகாவின் லைக் எ டிராகன் தொடரைப் பாருங்கள். டோக்கியோவின் கபுகிச்சோவை மாதிரியாக வைத்துக் கட்டிய கமுரோச்சோ என்ற தெருக்கள் 2005-இலிருந்து பாகத்துக்குப் பாகம் திரும்பி வருகின்றன. ரசிகர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பதில்லை. தங்கள் ஊருக்குப் போய்வருவதாக நினைக்கிறார்கள். 2024 ஜனவரியில் ஒரு பாகத்துக்காகக் கட்டிய ஹோனலூலு, 2025 பிப்ரவரியில் கடற்கொள்ளையர் கதைக்கு மறுபடி உதவியது. மேற்கில் பெரிய நிறுவனங்கள் ஆறு வருடத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் நேரத்தில் இவர்கள் அநேகமாக வருடத்துக்கு ஒன்று கொடுக்கிறார்கள்.

இன்றும் ஜப்பான் பின்தங்கியிருக்கும் இடங்கள் உண்டு. வைல்ட்ஸ் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. 2025 பிப்ரவரி 28-இல் வந்து மூன்று நாளில் 80 லட்சம் விற்றது. கம்ப்யூட்டரில் விளையாடியவர்கள் அதன் தடுமாற்றத்தைக் கண்டு கொதித்தார்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஒரு வீட்டுக்குள் பயம் காட்டக் கட்டிய எஞ்சினைப் பரந்த நிலத்துக்கு இழுத்தால் எங்கே கிழியும் என்பது 2024-இல் டிராகன்ஸ் டாக்மா 2-இலேயே தெரிந்துவிட்டது. எல்டன் ரிங்கும் கம்ப்யூட்டரில் முதல் நாள் திக்கியது. முதல் நபர் பார்வையில் சுடும் கேம்களில் ஜப்பானுக்கு இன்று வரை சொல்லிக்கொள்ளும்படி ஒரு மரபு இல்லை. ஃபைனல் ஃபேன்டஸி 16-உம் 7 ரீபெர்த்தும் நல்ல கேம்கள். பிளேஸ்டேஷன் 5-க்கு மட்டும் என்று முடக்கியதுதான் விற்பனையை அடித்தது என்பது என் கணிப்பு. 2024-இல் ஸ்கொயர் எனிக்ஸ் எல்லாக் கருவிகளுக்கும் கொடுப்பது என்று கொள்கையை மாற்றிக்கொண்டது.

ஜப்பானியர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய போட்டி பக்கத்து நாடுகளிலிருந்து வருகிறது. 2020-இல் ஷாங்காயின் கென்ஷின் இம்பாக்ட், ஜெல்டாவின் பரந்த வெளியையும் ஜப்பானியக் கைபேசி கேம்களின் குலுக்கல் முறையையும் சேர்த்து அவர்கள் வீட்டுக்குள்ளேயே வந்து வென்றது. 2024 ஆகஸ்ட்டில் பிளாக் மித்: வுகாங் மூன்று நாளில் ஒரு கோடி விற்றது. கொரியாவிலிருந்து லைஸ் ஆஃப் பி, ஸ்டெல்லர் பிளேடு. பிறகு பிரான்ஸின் மான்பெல்லியேயிலிருந்து முப்பது பேர் அளவிலான மையக் குழு ஒன்று 2025-இல் கொடுத்த கிளேர் ஓப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. ஃபைனல் ஃபேன்டஸியே கைவிட்ட, முறைவைத்துச் சண்டையிடும் பழைய பாணி அது. அந்தக் குழு தனக்கு வழிகாட்டியதாகச் சொல்லும் கேம்களில் நான் மேலே குறிப்பிட்ட லாஸ்ட் ஒடிஸியும் ஒன்று. ஜப்பானியர்கள் அன்ரியலோடு மல்லுக்கட்டிச் செய்த கேமின் வாரிசு, அன்ரியல் 5-இல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் பிறந்து, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை எடுத்துக்கொண்டது. ஹிடெயோ கொஜிமா 2019-இல் டெத் ஸ்ட்ராண்டிங் செய்தது ஹொரைசன் குழுவின் டெசிமா எஞ்சினில். ஆகவே கிழக்கு, மேற்கு என்று கோடு போட்டுச் சண்டையிடுவது அந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கே இப்போது அவ்வளவு அர்த்தமுள்ளதாகத் தெரிவதில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: நிறைய இருக்கிறது. அன்ரியல் பழகுவதை விடாதீர்கள். டிராகன் குவெஸ்ட் 11-உம் ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்கும் அதில்தான் செய்யப்பட்டவை. டோக்கியோவிலும் அது கேட்கப்படும் திறமைதான். அத்தோடு அடுத்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். ஃபுஜிபயாஷி குழுவின் 2017 உரை இணையத்தில் கிடைக்கிறது, முழுதாகப் பாருங்கள். பிறகு அன்ரியலில் அழகான காடு எதையும் கட்டாமல், வெறும் சதுரங்களும் வட்டங்களும் வைத்து மூன்றே விதிகள் உள்ள ஒரு மாதிரி கேமைச் செய்து, அந்த விடுதி நண்பர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் எதிர்பாராத எதையாவது அவர்கள் அதில் செய்துகாட்டினால் எனக்கு எழுதுங்கள்.